வாமோஸ்னு சொல்லிட்டா வஞ்சிக்கொடி

உக்காருங்க டீச்சர், சன்னலோரமே உக்காருங்க. விடைத்தாள் கட்டப் பாத்தாலே தெரியுதே டீச்சருன்னு. அத மடியில வெக்காதீங்க, மேல வெச்சிருங்க. ஆழியாறு தாண்டினா வளைவு ஆரம்பிச்சுரும். நாப்பது கொண்டை ஊசி. எனக்கு இந்த ஓரம் போதும். எனக்கு ரோடு தெரியணும்.

என்னதுங்க, தொப்பியா? இது மெக்சிகோ தொப்பிங்க. ஓலையில பின்னினது. நான் வாங்கல, அங்க ஒரு அம்மா தலையில வெச்சு உட்டுருச்சு. அது பெரிய கதை. கேக்கறீங்களா? வால்பாறை போக இன்னும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்குது. கேளுங்க. கேட்டுட்டு நீங்களே நாயம் சொல்லுங்க. ஒரு பொம்பளை, கட்டின புருசன, பாஷை தெரியாத தேசத்துல, மலை மேல, தன்னந்தனியா உட்டுட்டுப் போலாமா?

என் பேரு நாச்சிமுத்து. இதே ரூட்டுல முப்பத்தோரு வருசம் பஸ் டிரைவருங்க. ஒரு விபத்து கெடையாது. ஒரு தடவை காட்டெருமை ஒண்ணு, அது அதுவா வந்து இடிச்சது, அத விபத்துல சேத்தக் கூடாது. ரிட்டயர் ஆகி மூணு வருசம் ஆச்சு. இப்ப ஓட்டறான் பாருங்க, இவன் நான் பழக்கி உட்ட பையன்தான். தம்பீ, ஆரன் அடிச்சுட்டுத் திரும்புப்பா! பாத்தீங்களா, அடிச்சுட்டான். சொன்னாக் கேட்டுக்குவான்.

எம்புள்ள இந்துஜா மெக்சிகோவுல இருக்கறா. மாப்பிள்ளைக்குப் புயேப்லாங்கற ஊருல கார் கம்பெனியில வேலை. போன வருசம் தை மாசம், புள்ள முழுகாம ஆறு மாசம். "அப்பா, அம்மா, ரெண்டு பேரும் வந்து மூணு வாரம் இருந்துட்டுப் போங்க"ன்னு டிக்கெட் போட்டுட்டா. போனோம். நானும் எங்கூட்டுக்காரி வஞ்சிக்கொடியும்.

புயேப்லா ஸ்பெயின்காரன் கட்டின ஊருங்க. நானூறு, ஐநூறு வருசத்துக்கு முன்னால. தெரு எல்லாம் அடிக்கோல் வெச்சுக் கோடு இழுத்த மாதிரி நேரு. செவுரு ஒண்ணு மஞ்சளு, ஒண்ணு ஊதா, ஒண்ணு ரோசு. நாம அடுப்படியில பதிக்கிற பூப்போட்ட டைல்ஸ அவங்க வாசல்ல பதிச்சிருக்கறாங்க. ஒரு கோயிலுக்குள்ள போனா கூரை பூராத் தங்கம். அண்ணாந்து பாத்து எனக்குக் கழுத்து சுளுக்கிக்கிச்சு. ஆனா டீச்சர், நேரு ரோட்டுல எனக்கென்னங்க வேலை? நாலு நாள்ல சலிச்சுப் போச்சு. "மாப்ள, பக்கத்துல மலை ஏதாச்சும் இருக்குதுங்களா?"ன்னு கேட்டேன். கெரகம் அங்கதான் ஆரம்பிச்சுது.

"தெக்க வஹாக்கான்னு ஒரு ஊரு இருக்குது மாமா, அங்கிருந்து மலை ஏறலாம்"னாரு. அந்த ஊரு பேர எழுதறது ஒண்ணு, வாசிக்கிறது ஒண்ணு. எழுத்துக் கூட்டிப் பாத்தா எங்கயோ போவுது, வாயில வஹாக்கான்னுதான் வருது. புள்ள வர முடியாது, டாக்டரு வளைவு ஆகாதுன்னுட்டாரு. மாப்பிள்ளைக்கு லீவு இல்ல. அதனால எங்க ரெண்டு பேரையும் பஸ் ஏத்தி உட்டு, அந்த ஊருல எலாதியோன்னு ஒரு வேன்காரருக்குச் சொல்லி வெச்சுட்டாங்க. மூணு நாளு மலையச் சுத்திக் காட்டிட்டுத் திருப்பிக் கொண்டாந்து உடறது அவரு பொறுப்பு.

வஹாக்கா நல்ல ஊருங்க. பச்சைக் கல்லுல கட்டின கோயிலு, கல்லு பதிச்ச தெரு, எந்த மூலைக்குப் போனாலும் சாக்லேட் அரைக்கிற வாசம். அங்க ஒரு நாள் தங்கிட்டு மறுநாள் வெடியால வேன் ஏறினோம். நானு, வஞ்சிக்கொடி, அந்தூருக் கிழவிங்க ரெண்டு பேரு, அக்கா தங்கச்சி. அவ்வளவுதான்.

எலாதியோவுக்கு என் வயசு இருக்கும். மீசை நல்லா இருந்துச்சு. ஓட்டறதுதான்... எப்படிச் சொல்றதுங்க. அங்க ஸ்டியரிங்கு இடது பக்கம், வண்டி போறது வலது பக்கம். எல்லாமே கண்ணாடியில பாத்த மாதிரி தலைகீழு. நான் முன்னால அவரு பக்கத்துலயே உக்காந்துக்கிட்டேன். வளைவு வந்தா "ஆரன்!"ன்னு சொல்லுவேன். எறக்கம் வந்தா "செகண்டு!"ன்னு சொல்லுவேன். எதுக்கால லாரி வந்தா, எடம் இருக்குது வாங்கோன்னு கையக் காட்டுவேன். ரெண்டு நாளு அந்த மனுசனுக்கு நான் செஞ்ச உதவி கொஞ்சநஞ்சமில்ல. ரெண்டாம் நாளு பொழுதோட அவரு ரேடியோவ நல்லாச் சத்தமா வெச்சுக்கிட்டாரு. நான் சொல்றதக் கேட்டு உற்சாகம் வந்துருச்சுன்னு நெனைக்கிறேன்.

மலைன்னா மலைங்க அது. கீழ கத்தாழைக் காடு, மேல போகப் போகப் பைன் மரம், அதுக்கு மேல மேகம். மேகத்துக்குள்ள திடீர்னு ஒரு ஊரு வரும். ஒரு கோயிலு, ஒரு சந்தைத் திடலு, நாலு நாயி. அப்பறம் மறுபடியும் மேகம். ஒவ்வொரு ஊருலயும் நிறுத்துவாங்க. ஒவ்வொரு ஊருலயும் வஞ்சிக்கொடி எறங்கி எவளாச்சும் ஒருத்தி கையப் புடிச்சுக்கிட்டுப் பேச ஆரம்பிச்சுருவா. என்ன பாஷைன்னு கேளுங்க. தமிழு! புள்ள வீட்டுப் பக்கத்து வீட்டம்மாகிட்ட நாப்பது ஸ்பானிஷ் வார்த்தை கத்து வெச்சிருந்தா, அத நடு நடுவுல ஊறுகா மாதிரி தொட்டுக்குவா. அவங்களுக்கும் புரியுது! எனக்கு முப்பத்தஞ்சு வருசமா இவ பேசறது பாதி புரியறதில்ல.

மூணாம் நாளுதான் விசயம். சான் எலீகியோன்னு ஒரு மலை ஊருக்கு ஏறிட்டிருந்தோம். டீச்சர், உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்குது. எனக்குத் தலை சுத்த ஆரம்பிச்சுது. எனக்கு! முப்பத்தோரு வருசம் பின்னால உக்காந்து வாந்தி எடுக்கறவங்களத் திட்டிட்டே வண்டி ஓட்டினவன் நானு. காலையில தின்ன பன்னு சேரலைங்க. முட்டை போட்ட பன்னு. வேற ஒண்ணுமில்ல. ஊருக்குள்ள வண்டி நின்னதும் ஓடிப்போயி ஒரு வேலியப் புடிச்சுக்கிட்டு...

அது போகட்டும். திரும்பிப் பாக்கறேன், வஞ்சிக்கொடி வேன்ல உக்காந்து ஆரஞ்சுப்பழம் உரிச்சுத் தின்னுட்டிருக்கறா. பாட்டு வேற! எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஏன்னு சொல்றேன் கேளுங்க. இந்த வஞ்சிக்கொடி, எங்கூட்டுக்காரி, என் வண்டியில எப்ப ஏறினாலும் ஒம்பதாவது கொண்டை ஊசியில வாந்தி எடுப்பா. ஒரு தடவை கூடத் தவறினதில்ல. எங்கூட வேலை பாத்த கண்டக்டரு அவளுக்குன்னே ஒரு எலுமிச்சம்பழம் வெச்சிருப்பாரு. அப்படிப்பட்டவ இந்த எலாதியோ வேனுல மூணு நாளா ஒரு ஏப்பங்கூட உடல!

அந்த ஊருல தோன்யா ஹசிந்தான்னு ஒரு அம்மா சாப்பாட்டுக் கடை வெச்சிருந்துச்சு. தோன்யான்னா நாம அம்மான்னு மரியாதையாச் சொல்றமே, அப்படி. நான் வெளிய மூஞ்சி கழுவிட்டு உள்ள போறதுக்குள்ள வஞ்சிக்கொடி அடுப்படியில உக்காந்து அந்தம்மாவோட அம்மியில காஞ்ச மொளகா அரைச்சுட்டிருக்கறா. மூணு கால் வெச்ச அம்மிங்க அது. மொளகாயோட சாக்லேட்டும் சேத்து அரைக்கிறாங்க! நான் பாத்துட்டு, இது வெளங்காதுன்னேன். தின்னு பாத்துட்டு இன்னொரு கரண்டி கேட்டேன்.

சாப்புட்டு முடிச்சு, கிண்ணத்துல சூடாச் சாக்லேட் தண்ணி குடிச்சிட்டிருக்கறப்ப வஞ்சிக்கொடி சொல்றா.

"ஏனுங், நான் பன்னண்டாம் தேதி உங்ககூட வரலீங்."

"எங்க வரல?"

"ஊருக்கு. புள்ளைக்குப் பெறந்து, கொழந்தை தலை நிக்கற வரைக்கும் நான் இங்கயே இருந்துக்கறனுங். ஆறு மாசம் இருக்கலாம்னு பாஸ்போர்ட்டுல முத்திரை குத்தியிருக்கறாங்களாமே. இந்துஜாகிட்டச் சொல்லிட்டேன்."

"என்கிட்டச் சொல்லலையே?"

"இப்பச் சொல்றனுங்களே."

எப்படி இருக்குது பாருங்க! நான் கேட்டேன், "அப்ப எனக்கு யாரு சோறாக்கறது?" அவ என்னையே பாத்துட்டிருந்தா. ஏதோ நான் இன்னும் ஒரு வார்த்தை சொல்லுவேன்னு காத்துட்டிருக்கற மாதிரி. நான் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேனே, வேற என்னத்தச் சொல்றது? "ம்"னு ஒரு சத்தம் போட்டுட்டுக் கிண்ணத்தக் கழுவப் போயிட்டா.

எலாதியோ வந்து கெளம்பலாம்னு கையக் காட்டினாரு. நான் வேனு கதவப் புடிச்சுக்கிட்டு, "இந்தாளு ஓட்டற வண்டியில மனுசன் ஏறுவானா?"ன்னேன். வஞ்சிக்கொடி சொல்றா, "அவரு ஓட்டறதுக்கு என்னங்? தூளியில போட்டு ஆட்டற மாதிரி இருக்குது."

தூளி! டீச்சர், முப்பத்தோரு வருசம்! தூளின்னு ஒரு வார்த்தை என் வண்டியப் பாத்துச் சொல்லியிருப்பாளா? எலுமிச்சம்பழம், எலுமிச்சம்பழம், எலுமிச்சம்பழம்! நான் சொல்லிட்டேன். "நான் ஏற மாட்டேன். நீ வேணும்னாப் போ. எனக்கு வழி தெரியும். நான் வேற வண்டியில வந்துக்கறேன்."

அவளும் எறங்கிருவான்னுதான் நெனைச்சேன். எறங்கினா. எறங்கி நேரா ஹசிந்தா கடைக்குள்ள போனா. எதையோ மறந்துட்டான்னு நெனைச்சேன். அஞ்சு நிமிசம். சன்னல் வழியாப் பாக்கறேன், கைய ஆட்டி ஆட்டிப் பேசறா. தெருவுல ஒரு லாரி நின்னுட்டிருந்துச்சு, அதக் காட்டறா. என்னையக் காட்டறா. கையில வாட்சக் காட்டறா. என்னத்தப் பேசியிருப்பா, லாரி எம்மாம் பெருசுன்னு பேசியிருப்பா. அவளுக்கு ஊர்ப் பேச்சுத்தான. அப்பறம் வந்தா. என் சட்டைப் பையில வஹாக்காவுல தங்கற எடத்து விலாசம் எழுதின சீட்டு இருக்குதான்னு தொட்டுப் பாத்தா. வேன்ல ஏறி உக்காந்தா. எலாதியோவப் பாத்து ஒரே ஒரு வார்த்தை சொன்னா.

"வாமோஸ்."

போலாம்னு அர்த்தமாம். வேன் போயிருச்சுங்க! அந்தக் கிழவிங்க ரெண்டும் பின் கண்ணாடி வழியாக் கைய ஆட்டுதுங்க!

நாயமா டீச்சர்? நீங்களே சொல்லுங்க. சிரிக்காதீங்க.

நான் ரோட்டுல நிக்கறேன். பத்து நிமிசத்துல திரும்பி வருவாங்கன்னு பாத்தேன். வரல. வெயிலு சுள்ளுன்னு அடிச்சுது. அப்பத்தான் ஹசிந்தா அம்மா வந்து இந்தத் தொப்பியத் தலையில கவுத்துச்சு. "சென்யோர் நாச்சி"ன்னு கூப்புட்டுச்சு! சென்யோர்னா ஐயான்னு அர்த்தமாம். எனக்கு ஆச்சரியம். என் பேரு எப்படித் தெரியும்? நான் சொல்லவே இல்ல. மலை ரூட்டு டிரைவருக்கு ஒரு பேரு இருக்குதுங்க, அது எப்படியோ பரவிருது. உள்ள கூட்டிட்டுப் போயி எலுமிச்சம்பழத் தண்ணி குடுத்துச்சு. உப்புப் போட்டு, சக்கரை போடாம. சரியா ஒரு மணிக்கு என் சட்டைப் பையத் தொட்டுக் காட்டி, வாயில போடற மாதிரி சைகை பண்ணுது. சுகர் மாத்திரை! எனக்கு சுகர் இருக்கறது அந்தம்மாவுக்கு எப்படிங்க தெரியும்? மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிக்கிற கைராசிக்காரி.

ஒரு தட்டுல வத்தல் வெச்சுது. கொத்தவரங்கா வத்தலாட்டம், சின்னச் சின்னதா, நீள நீளமா, மொறுமொறுன்னு. எலுமிச்சையும் மொளகாப் பொடியும் போட்டது. நொம்ப நல்லா இருந்துச்சு, ரெண்டு தட்டுத் தின்னேன். காம்பு மட்டும் பல்லுல மாட்டுச்சு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு காம்பு, மடங்கி மடங்கி. என்னதுங்க? வெட்டுக்கிளியா? சேச்சே. அதெல்லாம் இருக்காதுங்க டீச்சர். அது வத்தலு. நான் தின்னவன் சொல்றேன்.

அப்பறம் சின்னச் சுரைக்குடுக்கையில தண்ணி ஊத்திக் குடுத்துச்சு. தண்ணி மாதிரிதாங்க இருந்துச்சு. கத்தாழையில காச்சினதுன்னு அப்பறம்தான் தெரியும். தண்ணின்னு நெனைச்சுத்தான் குடிச்சேன். மூணு தடவையும் தண்ணின்னு நெனைச்சுத்தான் குடிச்சேன். நாலாவது கேட்டப்ப ஹசிந்தா அம்மா வெரல ஆட்டி, "வஞ்சி, வஞ்சி"ன்னு சொல்லிச் சிரிச்சுது. என்ன அர்த்தமோ.

அதுக்குள்ள லாரிக்காரங்க வந்துட்டாங்க. லாரியில என்னன்னு பாத்தா, பேண்டு செட்டு! அந்த மலையில ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பேண்டு செட்டு உண்டாம். பொண்ணுங்க, ஆம்பளைங்க, தாத்தாங்க, இருவது பேரு. அண்டா மாதிரி வாய் தொறந்த பித்தளைக் குழலு, முரசு, நாதசுரம் மாதிரி கறுப்புக் குழலு. கீழ வஹாக்காவுல ஒரு கல்யாண ஊர்வலம், அதுல வாசிக்கப் போறாங்க. அவங்க தலைவர மாஸ்த்ரோன்னு கூப்புடறாங்க. அந்த மாஸ்த்ரோ நேரா என்கிட்ட வந்து, "சென்யோர் நாச்சி, வாமோஸ்!"ன்னாரு. பாத்த உடனே ஆளு யாருன்னு தெரிஞ்சுக்கிட்டாரு பாருங்க!

முன்னால டிரைவரு பக்கத்துல எடம் குடுத்தாங்க. எறக்கம்னா எறக்கம். பிரேக்கு தேயற வாசம் வந்துச்சு. நான் கத்தினேன், "செகண்டு! செகண்டு போடுப்பா!" அடுத்த நிமிசமே போட்டுட்டான். அவனுக்குத் தமிழு தெரியாது, ஆனா செகண்டுக்கு பாஷை எதுக்குங்க? ஒரு வளைவுல தண்ணித் தொட்டி ஒண்ணு, அங்க ஏற்கெனவே நாலு லாரி நின்னுட்டிருந்துச்சு. நம்மாளும் நிறுத்தி டயருக்குத் தண்ணி ஊத்தினான். நான் சத்தம் போட்டிருக்காட்டி நிறுத்தியிருப்பானா? இருவது உசுரு டீச்சர்! ஆனா நான் அதப் பெருசாச் சொல்லிக்கல.

பின்னால அவங்க ஒத்திகை பாக்கறாங்க. பம்ம்ம் பம்ம்ம்னு அந்த அண்டாக் குழலு. வளைவுக்கு வளைவு ஒரு பாட்டு. நான் டேஷ்போர்டுல தாளம் போடறேன். தலை சுத்தல் போன எடம் தெரியல. அதே வளைவு, அதே மலை, வயித்துல ஒரு சலனம் இல்ல! இதுல இருந்தே தெரியலீங்களா, அது பன்னுதான்னு?

பொழுது எறங்கற நேரத்துக்கு வஹாக்கா வந்து சேந்தோம். பெரிய கோயில் முன்னால ஊரே நிக்குது. பொண்ணு மாப்பிள்ளை ஒரு பக்கம். தலையில பூக்கூடை வெச்ச பொம்பளைங்க ஒரு பக்கம். நடுவுல ரெண்டு ராட்சசப் பொம்மை. ஒண்ணு மாப்பிள்ளை, ஒண்ணு பொண்ணு. பத்தடி ஒசரம். உள்ள மூங்கில் மாதிரி சட்டம், மேல துணி, காகிதத்துல செஞ்ச பெரிய தலை. உள்ள ஒரு ஆளு பூந்து தோள்ல தூக்கிக்கிட்டு ஆடணும். சுத்தினா பொம்மையோட கை ரெண்டும் ராட்டினமாட்டம் பறக்கும்.

மாப்பிள்ளைப் பொம்மைக்காரன் எளைச்சுப் போயி எறக்கி வெச்சுட்டு எலுமிச்சைத் தண்ணி குடிச்சிட்டிருந்தான். மாஸ்த்ரோ என்னையப் பாத்தாரு, பொம்மையப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. "நாச்சி?" நான் வேண்டாம்னு தலைய ஆட்டினனுங்க. சத்தியமா ஆட்டினேன். அது அவங்க ஊருல சரின்னு அர்த்தம் போல. ரெண்டு பேரு தூக்கி என் தோள்ல வெச்சுட்டாங்க.

உள்ள கும்மிருட்டு. வயித்துக்கிட்ட ஒரு ஓட்டை, அது வழியாத்தான் பாக்கணும். வெளிய பேண்டு அடிக்க ஆரம்பிச்சுது. நான் நின்ன எடத்துல நிக்கலாம்னுதான் நெனைச்சேன். காலு கேக்கல டீச்சர்! அது தானா ஆடுது! சுத்தறேன், சுத்தறேன், வானத்துல என் கை ரெண்டும் பறக்குது, சனங்க ஓ-ன்னு கத்தறாங்க. எங்கூரு மாசாணியம்மன் கோயில் திருவிழாவுல தாரை தப்பட்டை அடிக்கறப்பக் கூட நான் கையக் கட்டிட்டு நிக்கற ஆளு. டிரைவருன்னா ஒரு கெத்து வேணும்ல? அன்னைக்கு என்னைய யாருக்கும் தெரியாது. என் மூஞ்சி யாருக்கும் தெரியாது. நான் பத்தடி ஒசரம்!

சுத்தறப்ப ஓட்டை வழியாக் கோயில் படிக்கட்டு போச்சு. ஒரு ஊதாச் சேலை போச்சு. மறுபடியும் சுத்தினேன். ஊதாச் சேலை. வஞ்சிக்கொடி! கூட எலாதியோ, அந்த ரெண்டு கிழவிங்க. எவ்வளவு பெரிய ஊருல, சரியா அந்தப் படிக்கட்டுல, சரியா அந்த நேரத்துல! தற்செயலு பாத்தீங்களா?

எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. ஆடிக்கிட்டே அவகிட்டப் போயி நின்னு குனிஞ்சு ஒரு வணக்கம் போட்டேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. பொம்மையத்தான் பாக்கறா. மூஞ்சிய அண்ணாந்து பாத்தா. அப்பறம் கீழ குனிஞ்சு என் காலையே கொஞ்ச நேரம் பாத்துட்டிருந்தா. டிப்போவுல குடுத்த அதே பழுப்புச் செருப்புதான் போட்டிருந்தேன். அப்பறம் பொம்மையோட துணிக் கையப் புடிச்சுக்கிட்டுப் பேச ஆரம்பிச்சுட்டா. தமிழ்லதான். அவதான் எல்லாருகிட்டயும் தமிழ்லயே பேசறவளாச்சே.

"ஏனுங் பெரியவரே, நல்லா ஆடறீங்க. எங்கூட்டுக்காரரு ஒருத்தரு இருக்கறாரு, அவரு ஆட மாட்டாரு. மலையில கோவிச்சுக்கிட்டு எறங்கிட்டாரு. நான் இங்க ஆறு மாசம் இருக்கறேன்னு சொன்னதுக்குக் கோவம். அவர வேண்டாம்னா சொன்னேன்? 'நீ இரு, நானும் கூட இருக்கறேன்'னு ஒரு வார்த்தை சொல்லுவாருன்னு பாத்தேன். சோறு யாரு ஆக்கறதுன்னு கேக்கறாரு."

நான் அந்த ஓட்டைக்குக் காதக் குடுத்தேன். பேண்டு அடிக்குது, அவ சத்தமாப் பேசறா.

"முப்பத்தோரு வருசம் அவரு வண்டி எடுக்கற நேரத்துக்கு எந்திரிச்சேன். அவரு வர்ற நேரத்துக்கு உலை வெச்சேன். ஒருக்கா, ஒரே ஒருக்கா, நான் போற பக்கம் அவரு வரட்டுமேன்னு நெனைக்கக் கூடாதுங்களா?"

அப்பறம் ஒண்ணு சொன்னா டீச்சர். அத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல.

"அவரு வண்டியில நான் வாந்தி எடுத்தேன்னு அவருக்கு நொம்ப வருத்தம். அது வளைவால இல்லீங். ஒம்பதாவது கொண்டை ஊசியில சன்னல் வழியா அந்தப் பள்ளம் தெரியும். இந்த மனுசன் நாளைக்கும் இதே பள்ளத்தோரம் வரணும், நாளான்னைக்கும் வரணும், மழையில வரணும், பனியில வரணும்னு நெனைப்பேன். வயித்தப் பெரட்டிரும். இந்த எலாதியோ எனக்கு யாரு? அவரு நாளைக்கு எந்தப் பள்ளத்தோரம் போனா எனக்கென்ன? அதான் நிம்மதியா ஆரஞ்சுப்பழம் தின்னேன்."

...

உள்ள நொம்ப வெக்கைங்க. காத்தே போகாது. கண்ணெல்லாம் வேர்வை.

எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல. பேசினா கண்டுபுடிச்சுருவா. மூணு தடவை குனிஞ்சு வணக்கம் போட்டேன். அவ சேலைத் தலைப்புல மூக்கத் தொடைச்சுட்டு, பொம்மையோட ரெண்டு கையையும் புடிச்சா. ஆடினோம் டீச்சர். நானும் எங்கூட்டுக்காரியும். கல்லு பதிச்ச தெருவுல, ஊரே பாக்க. அந்தக் கிழவிங்க கை தட்டுதுங்க, எலாதியோ விசில் அடிக்கறாரு, அண்டாக் குழலு பம்ம்ம் பம்ம்ம்ங்குது. அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. பாத்திருப்பேன், கவனிச்சதில்லையோ என்னமோ. ரோட்டுல கண்ணு வெச்சே பழகிட்டனுங்க.

அப்பறம் நான் நைசா ஒதுங்கிட்டேன். ஒரு சந்துக்குள்ள போயி பொம்மைய எறக்கிக் குடுத்துட்டு, மூஞ்சியத் தொடைச்சுட்டு, ரெண்டு தெரு சுத்தி வேற பக்கமா நடந்து வந்தேன். இப்பத்தான் பஸ்ஸுல வந்து எறங்கின மாதிரி. ஒண்ணுமே தெரியாத மாதிரி.

"வந்துட்டீங்களா?"ன்னா.

"ம். பஸ்ஸு கெடைச்சுது."

"சாப்புட்டீங்களா?"

"வத்தல் தின்னேன்."

"நொம்ப வேர்த்திருக்குதுங்களே?"

"பஸ்ஸுல கூட்டம்."

"ஆமாங்"னா. வேற ஒண்ணும் கேக்கல. வெள்ளந்தி மனசு அவளுக்கு, சொன்னா அப்படியே நம்பிருவா.

மறுநாள் காலையில தங்கின வீட்டு முத்தத்துல உக்காந்து ரொட்டி தின்னுட்டிருக்கறோம். நான் ராத்திரியே திட்டம் போட்டு வெச்சுட்டேன். அவ மனசுல இருக்கறது பூரா எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்ங்கறது அவளுக்குத் தெரியாது. எப்படிப்பட்ட வசதி பாருங்க! ரொட்டியப் பிச்சுக்கிட்டே, சும்மா சொல்ற மாதிரி சொன்னேன்.

"கொடி, நானும் இருந்துக்கலாம்னு பாக்கறேன்."

"எங்கீங்?"

"இங்கதான். நீ இருக்கற வரைக்கும்."

"உங்களுக்கு எதுக்குங் சிரமம்?"

"சிரமம் என்ன. நீ போற பக்கம் ஒருக்கா நானும் வர்றனே."

டீச்சர், அவ மூஞ்சியப் பாக்கோணுமே! அப்படியே எந்திரிச்சா, தண்ணி கொண்டாறேன்னு உள்ள போனா. கதவுக்கு அந்தப் பக்கம் அவ முதுகு மட்டும் தெரிஞ்சுது. தோளு ரெண்டும் குலுங்குது, குலுங்குது, நிக்கவே இல்ல. ஆனந்தக் கண்ணீரு. பாவம். நான் எப்படிக் கண்டுபுடிச்சேன்னு அவளுக்குத் திகைப்பா இருந்திருக்கும்.

ஆறு மாசம் இருந்தோம். சித்திரையில பேத்தி பெறந்தா. நான் சோறாக்கக் கத்துக்கிட்டேன், கொழம்புதான் இன்னும் கூடி வரல. அஞ்சு தடவை எலாதியோ வேன்ல மலைக்குப் போனோம். நான் பின் சீட்டுல அவ பக்கத்துலயே உக்காந்துக்கிட்டேன். ஆரன் விசயம் மட்டும் அப்பப்பச் சொல்லுவேன், அது பழக்கதோசம். ஆடியில ரெண்டு பேரும் ஊருக்கு வந்துட்டோம். இன்னைக்கு எங்கூட வேலை பாத்த கண்டக்டருக்கு வால்பாறையில பணி நிறைவு விழா, அதுக்குத்தான் போயிட்டிருக்கறேன். அவளும் வந்திருப்பா, முழங்கால் வலின்னுட்டா.

இதா, உங்க ஸ்டாப்பு வந்துருச்சு. கட்ட எடுத்துக்குங்க, பாத்து எறங்குங்க. டீச்சர், ஒண்ணே ஒண்ணு. பொள்ளாச்சி சந்தையில எங்கயாச்சும் வஞ்சிக்கொடியப் பாத்தா, பொம்மைக்குள்ள இருந்தது நான்தான்னு சொல்லிராதீங்க. இன்னைக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது. அப்பப்பப் பாத்திரம் கழுவிட்டே கேப்பா, "ஏனுங், அந்தப் பெரியவரு நல்லா ஆடினாருங்களே, இப்ப எங்க இருக்கறாரோ?"ன்னு. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுச் சிரிச்சுக்குவேன். "எனக்கென்ன தெரியும்?"னு சொல்லுவேன்.

அவளும் அந்தப் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்குவா. அந்தப் பெரியவர நெனைச்சு அவளுக்கு வெக்கம் போல.